ஏரல், ஏர்வாடி இல்லை

என்னுடைய குறிப்பேட்டில் 2023 டிசம்பர் 18ஆம் தேதிப் பக்கம் மட்டும் அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. மொட்டை மாடித் தகரக் கொட்டகை ஒழுகிய இடத்துக்கு நேர்கீழே அதை வைத்திருந்தேன். பால்பாயிண்ட் பேனா என்பதால் எழுத்து தப்பித்தது. செய்தி எண் 3. நேரம் காலை 11.20. அனுப்புநர் எதிர்வீட்டு ஆச்சி. பெறுநர் பெங்களூரில் இருக்கும் அவருடைய மகன். சொற்கள் 12.

"அனைவரும் நலம். வீட்டுக்குள் வெள்ளம் இல்லை. ஏரல் அக்கா குடும்பம் தகவல் இல்லை. கிளம்பி வரவேண்டாம்."

இந்தப் பன்னிரண்டு சொற்கள் பாளையங்கோட்டையிலிருந்து பெங்களூருக்குப் போய்ச் சேர எனக்குத் தேவைப்பட்டவை: ஒரு வானொலிப் பெட்டி, கடையிலிருந்து தூக்கி வந்த ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி, இருபது மீட்டர் செம்புக் கம்பி, இரண்டு மூங்கில் கழி. பிறகு, அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதர். கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நான் இன்வெர்ட்டர், யுபிஎஸ் பழுது பார்ப்பவன். அது தொழில். பொழுதுபோக்கு, அமெச்சூர் வானொலி. ஹாம் ரேடியோ என்றால் பலருக்குத் தெரியும். மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி, உரிமமும், வானொலியில் நம் பெயராக இருக்கும் ஓர் அழைப்புக்குறியும் வாங்கிக்கொண்டு, சொந்தச் செலவில் பெட்டி வாங்கி, முன்பின் தெரியாத ஒருவரோடு "உங்கள் சத்தம் எனக்கு எப்படிக் கேட்கிறது" என்று பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு. வெளியிலிருந்து பார்த்தால் இதில் எந்தச் சுவையும் இல்லை. என் மனைவி இருபது வருடமாக வெளியிலிருந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

புள்ளியும் கோடுமாக எழுத்துகளைத் தட்டி அனுப்பும் மோர்ஸ் கற்றுக் கொடுத்தவர் பெரியப்பா. அம்பாசமுத்திரத்தில் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். உரிமத்தில் இரண்டு நிலைகள் உண்டு. மேல்நிலைக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும். பெரியப்பா அதை எழுத்தெழுத்தாகச் சொல்லித் தரவில்லை. திண்ணையில் சாய்ந்துகொண்டு வெற்றிலைப் பெட்டி மூடியை விரலால் தட்டுவார். நான் எழுத வேண்டும். தவறவிட்ட எழுத்தை ஊகித்து நிரப்பினால் கோபம் வரும். "கேட்காததை எழுதாதே. கோடு போட்டு விட்டுவிடு. ஊகித்து எழுதியதால் ஒரு கல்யாணம் நின்றிருக்கிறது" என்பார். அது எந்தக் கல்யாணம் என்று கடைசிவரை சொல்லவில்லை. 2013 ஜூலையில் நாடு முழுவதும் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை, நல்லது.

வானொலியைப் பொறுத்தவரை திருநெல்வேலிச் சீமை கொஞ்சம் விசேஷமான இடம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் போனால் கிருஷ்ணாபுரம் வரும். ஊர் உலகத்துக்கு அது சிற்பங்களுக்குப் பெயர்போன கோயில். எங்களைப் போன்றவர்களுக்கு, இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கும் இடம். புவிகாந்த நடுக்கோடு இந்தத் தென்கோடியை ஒட்டிப் போகிறது என்பதால், நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அயனி மண்டலத்தை அங்கே உட்கார்ந்து ஆராய்கிறார்கள். 1963இல் தும்பாவில் முதல் ராக்கெட்டை விட்டதற்கும் இதே காந்த நடுக்கோடுதான் காரணம். இன்னொரு திசையில், விஜயநாராயணத்தில், 1990இல் தொடங்கப்பட்ட கடற்படைத் தளம் ஐஎன்எஸ் கட்டபொம்மன். கடலுக்குள் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்பும் மிகத் தாழ்ந்த அதிர்வெண் நிலையம் அது. நானூறு மீட்டரைத் தாண்டும் கோபுரங்களின் சிவப்பு விளக்குகள் இரவில் நாங்குநேரிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். வானத்தைப் படிக்கவும் கடலடியோடு பேசவும் ஏற்பாடு உள்ள சீமையில், தாமிரபரணிக் கரையில், ஏரலில் இருக்கும் மகளோடு பேச ஆச்சிக்கு வழியில்லாமல் போன நாட்கள் அவை.

மழை 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. மறுநாள் காலை எட்டரை வரையிலான இருபத்துநான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. அந்தப் பக்கத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு இருக்காது. மலையிலும் அதே சமயம் கொட்டியது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து வந்த நீரும் காட்டாற்று நீரும் சேர்ந்து தாமிரபரணி கரையை மறந்துவிட்டது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கூட இதை அதோடு ஒப்பிடத் தயங்கினார்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்குவது எங்களுக்கு வழக்கமான காட்சி. ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் ஆறு வருவது வழக்கமில்லை.

பாளையங்கோட்டை மேட்டில் இருக்கிறது. எங்கள் தெருவில் முழங்கால் அளவு ஓடி வடிந்துவிட்டது. ஆனால் மின்சாரம் இல்லை. போனில் கோடு ஒன்று வரும், போகும், பிறகு வரவே இல்லை. கைபேசிக் கோபுரம் ஏன் சாகிறது என்பது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் சொல்கிறேன். மின்சாரம் போனதும் கோபுரத்தின் அடியில் இருக்கும் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசலுக்குச் சாலை வேண்டும். சாலை அறுந்தால் டீசல் வராது. இன்னொன்று, கோபுரத்துக்குக் கோபுரம் செய்தியைக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிள் பெரும்பாலும் சாலையோரத்திலும் பாலத்து விளிம்பிலும்தான் போகிறது. பாலம் போனால் கேபிளும் போச்சு. ஆக, பேசும் வழியும் போகும் வழியும் ஒரே வழி. வெள்ளம் இரண்டையும் ஒரே வீச்சில் அறுக்கிறது.

திங்கள் காலை மாடிக்குப் போனேன். கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆன்டெனா என்றால் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கடல் தாண்டிப் பேச அதுதான் சரி. பக்கத்து மாநிலத்துக்குப் பேச, ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், தாழ்வாகக் கட்ட வேண்டும். தோட்டத்துக் குழாயைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் தூரத்தில் போய் விழும். வானத்தைப் பார்த்துப் பிடித்தால் நம்மைச் சுற்றியே விழும். தாழ்ந்த கம்பியும் அப்படித்தான். அலையைச் செங்குத்தாக மேலே அனுப்புகிறது. அயனி மண்டலம் அதைத் திருப்பி நம்மைச் சுற்றி நானூறு, ஐந்நூறு கிலோமீட்டருக்குத் தூவுகிறது. இடையில் பொதிகை மலை நின்றாலும் பொருட்டில்லை, மேலே போய்க் கீழே வருவதற்கு மலை எங்கே குறுக்கே வரும்?

எனவே தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையே, துணி காயப்போடும் கொடி உயரத்தைவிடச் சற்று மேலே, கம்பியைக் கட்டினேன். மறுநாள் காலை யாரோ அதில் ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். அவர்கள் மேல் தவறில்லை. பார்க்க அது கொடிதான்.

பேட்டரியை இணைத்துப் பெட்டியைத் திருகியதும் நான் எதிர்பாராதது, அமைதி. சாதாரண நாளில் எங்கள் தெருவில் இந்த அலைவரிசை முழுக்க இரைச்சல். எல்இடி விளக்கு, செல்போன் சார்ஜர், டிவி பெட்டி, போதாததற்கு நான் பழுது பார்த்துக் கொடுத்த இன்வெர்ட்டர்கள், எல்லாம் சேர்ந்து வண்டு மாதிரி ரீங்கரிக்கும். ஊர் முழுக்க மின்சாரம் போனதும் அந்த வண்டுகள் எல்லாம் செத்துவிட்டன. இடையிடையே மின்னல் படபடப்பு. அதற்கு அடியில் மனிதக் குரல்கள், அவ்வளவு தெளிவாக. கோட்டயத்துக்காரர் ஒருவர் மலையாளத்தில் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார். சென்னைக் குரல் ஒன்று. இரண்டு வாரம் முன்பு மிக்ஜாம் புயலில் மூழ்கி எழுந்த ஊர் அது. பிறகு பெங்களூரில் இருந்து நிதானமான, வயதான ஒரு குரல்: "தென் தமிழ்நாட்டில் யாராவது கேட்கிறீர்களா?" ஆங்கிலத்தில் கேட்டார். அழைப்புக்குறி சொன்னேன். அடுத்த நொடி அங்கே எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எனக்கு இடம் விட்டார்கள். பேசத் துடிக்கும் ஒரு கூட்டம் ஒருவனுக்காக ஒன்றாக மௌனமாவதை நான் கோயில் தீபாராதனையில்கூடக் கண்டதில்லை.

செய்தி கடத்துவது சாதாரண நாட்களில் எங்களுக்கு அனுமதி இல்லாத வேலை. மூன்றாம் மனிதருக்காகப் பேசக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, மறைமொழி கூடாது. பேரிடர் வந்தால் முதல் தடை மட்டும் தளர்கிறது. அதனால்தான் எந்த ஹாமுக்கும் இந்த வேலை கைவராமல் இருக்கிறது. ஆண்டு முழுக்கச் செய்யக் கூடாத ஒன்றை அந்த ஒரு நாள் மட்டும் தப்பில்லாமல் செய்ய வேண்டும்.

ஆச்சி மாடிப்படி ஏறி வந்தார். எழுபத்தெட்டு வயது. பெட்டியைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். "இதில் பேசினால் பெங்களூருக்குக் கேட்குமா தம்பி?"

"பேச வேண்டாம் ஆச்சி. நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன்."

மகனோடு நேரடியாகப் பேசவிடவில்லை என்பதில் அவருக்கு வருத்தம். இருந்தாலும் சொல்ல ஆரம்பித்தார். மழை எப்போது பிடித்தது, கொல்லைப்புறச் சுவர் எப்படிச் சாய்ந்தது, மகளுக்குக் கடைசியாக எத்தனை மணிக்குப் போன் போட்டது, அவள் என்ன சொன்னாள், மாப்பிள்ளை ஏன் முன்தினமே இவர்களைத் திருச்செந்தூருக்கு அனுப்பவில்லை என்று. நான் பேனாவை வைத்துவிட்டேன். "ஆச்சி, பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள். சொல்லை எண்ணித்தான் அனுப்ப முடியும்."

"தந்தி மாதிரியா?"

"தந்தியேதான்."

"அதை முதலிலேயே சொல்ல வேண்டியதுதானே" என்றவர், கண்ணை ஒரு நொடி மூடித் திறந்து, மேலே நான் கொடுத்த பன்னிரண்டு சொற்களையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரே ஒரு மாற்றம்தான் நான் செய்தது. "வீட்டில் தண்ணீர் வரவில்லை" என்று சொன்னார். குழாயில் வரவில்லை என்று அவர் மகன் நினைத்துவிடுவார் என்பதால் வெள்ளம் என்று மாற்றினேன். "கிளம்பி வரவேண்டாம்" என்ற இறுதிச் சொற்கள் ஆச்சியுடையவை. அதுதான் அந்தச் செய்தியிலேயே உபயோகமான பகுதி. வழியில் எந்தப் பாலம் இருக்கிறது, எது இல்லை என்று தெரியாமல் காரை எடுத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து ஒருவர் கிளம்பினால், மீட்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் இன்னொரு பெயர் கூடும். ஒரு சொல்லுக்கு இத்தனை காசு என்று கணக்குப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு எது முக்கியம் என்று தெரிகிறது. அன்றும் மறுநாளும் என்னிடம் வந்த இளவட்டங்களில் ஒருவர்கூட முப்பது சொல்லுக்குக் குறைத்துச் சொல்லவில்லை.

பெங்களூர்க்காரருக்குக் கன்னடம் தாய்மொழி, தமிழ் புரியும். சொல்லுக்குச் சொல் படித்தேன். அவர் எழுதியதைத் திருப்பிப் படித்தார், அதுதான் முறை. "அனைவரும் நலம். வீட்டுக்குள் வெள்ளம் இல்லை. ஏர்வாடி அக்கா குடும்பம்..."

"ஏரல். ஏர்வாடி இல்லை."

"ஏர்வாடி?"

ராமநாதபுரத்து ஏர்வாடி தர்காவைக் கேள்விப்பட்டவர் அவர். ஏரலைக் கேள்விப்பட்டதில்லை. மின்னல் படபடப்பில் பெயரின் பின்பாதி அடிபட்டபோது, காது தனக்குத் தெரிந்த ஊரை எடுத்து நிரப்பிக்கொண்டது. போதாததற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஓர் ஏர்வாடி இருக்கிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லாக எழுத்துக் கூட்டினேன்: எக்கோ, ரோமியோ, ஆல்ஃபா, லீமா. அப்போதுதான் சரியானது. பன்னிரண்டு சொல் என்று எண்ணிக்கையும் பொருந்தியிருந்தது. எண்ணிக்கை சரி என்பதால் செய்தி சரி என்று ஆகிவிடாது. திருப்பிப் படிக்கச் சொல்லாமல் நன்றி சொல்லி முடித்திருந்தால், ஆச்சியின் மகன் வெள்ளமே வராத ஊரில் அக்காவைத் தேட ஆள் அனுப்பியிருப்பார்.

நம் ஊர்ப் பெயர்கள் வானொலிக்கு எதிரிகள். கல்லிடைக்குறிச்சி, கொங்கராயக்குறிச்சி: இரைச்சலில் முதல் பாதி கரைந்து ‘குறிச்சி’ மட்டும் வந்து சேரும். நல்லூரும் மங்கலமும் அப்படியே. புதூர், புதுக்குடி என்றால் எத்தனை புதூர், எத்தனை புதுக்குடி? ஆங்கில எழுத்துக் கூட்டலுக்கும் ஒரு எல்லை உண்டு. ஆழிகுடியில் வரும் ‘ழி’யை ஆளுக்கொரு விதமாகத்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். பக்கத்தில் ஒரு பெரிய ஊரையோ ஆற்றின் எந்தக் கரை என்பதையோ சேர்த்துச் சொல்வது ஒன்றுதான் வழி. "ஏரல், தாமிரபரணி, தென்கரை" என்று வடகரை ஊரைச் சொல்லி நானே ஒருமுறை தப்பு செய்திருக்கிறேன், ஆகையால் பெருமைப்பட ஏதுமில்லை.

பத்து நிமிடத்தில் பெங்களூர்க்காரர் ஆச்சியின் மகனுக்குப் போன் செய்துவிட்டு வந்தார். பதில் ஐந்து சொல். ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்படியே ஏரலுக்கும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிவிடு தம்பி."

இங்கேதான் என் பெட்டி தோற்றது. பெங்களூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 470 கிலோமீட்டர். ஏரல், சாலையில் போனாலே நாற்பது கிலோமீட்டர் சொச்சம். அலைக்கு ஏரல் எட்டாத தூரமில்லை. நான் பேசிய ஒவ்வொரு சொல்லும் ஏரல் வானத்திலிருந்தும் தூறலோடு சேர்ந்து இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். அதைப் பிடிக்க அங்கே ஒரு பெட்டி இல்லை, கேட்க ஒரு காது இல்லை. ஏரலில் இல்லை, ஸ்ரீவைகுண்டத்தில் இல்லை, ஆத்தூரில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆச்சிக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. "அவ்வளவு தூரத்துக்குக் கேட்கிறது, பக்கத்தில் இருக்கிற ஊருக்குக் கேட்காதா" என்று நாலைந்து முறை கேட்டார். நியாயமான கேள்விதான்.

திருச்செந்தூரில் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கிறது என்ற செய்தியே எனக்குத் திங்கள் மாலை பெங்களூர் வழியாகத்தான் வந்தது. அவர் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. முப்பது கிலோமீட்டரில் இருக்கும் ரயில் நிலையத்தைப் பற்றி அடுத்த மாநிலத்திலிருந்து தெரிந்துகொள்கிறேன். ரயிலில் இருந்தவர்களுக்குப் புதுக்குடி ஊர் மக்கள் சோறு வடித்துக் கொடுத்தார்கள் என்று பின்னால் படித்தேன்.

பேரிடரில் ஹாம் ரேடியோ என்றாலே எல்லோரும் எடுத்துச் சொல்லும் கதை 2004 சுனாமி. பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் அந்த டிசம்பரில் போர்ட் பிளேரில் இருந்தார்கள். அந்தமானிலிருந்து வானொலியில் பேசுவதற்குப் பல ஆண்டுகள் அனுமதியே இல்லாமல் இருந்தது. போராடி அனுமதி வாங்கி, உலகத்து ஹாம்களோடு தொடர்பு எண்ணிக்கை சேர்ப்பதற்காகப் போயிருந்தார்கள். சொல்லப்போனால், விளையாடப் போயிருந்தார்கள். 26ஆம் தேதி காலை நிலம் ஆடியது. தீவுகளின் தொடர்பு அறுந்தது. விளையாட்டை நிறுத்திவிட்டு அதே பெட்டியில் நலச் செய்திகள் அனுப்பத் தொடங்கினார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவருடைய துணிச்சலைச் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது, அவர்கள் முன்கூட்டியே அங்கே இருந்தது. 1999 ஒடிசா புயலுக்கும் 2001 பூஜ் நிலநடுக்கத்துக்கும் ஹாம்கள் வெளியூர்களிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போய்ச் சேரும்வரை அந்த ஊர்களுக்குக் காது கிடையாது. வெள்ளத்தில் யாரும் போய்ச் சேரவே முடியாது.

இதை முன்னமே சொல்லிப் பார்த்தவன்தான் நான். வெள்ளத்துக்கு இரண்டு வருடம் முன்பு ஓர் அலுவலகத்துக்குப் போய், ஆற்றங்கரை ஊர்களில் ஆர்வமுள்ள நான்கு பேரைக் காட்டினால் சம்பளமில்லாமல் பயிற்சி கொடுக்கிறேன் என்றேன். பெட்டியை மேசை மேல் வைத்துக் காட்டச் சொன்னார்கள். அறையைச் சுற்றி எட்டுக் கணினிகள், ஆறு டியூப் லைட். இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. "இது வாக்கி டாக்கிதானே, போலீஸிடம் இருக்கிறதே" என்று சொல்லித் தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். தேநீர் நன்றாக இருந்தது. அவர்கள் சொன்னதில் பாதி உண்மையும் உண்டு. காவல்துறை ஒயர்லெஸ் இருக்கிறது, மீட்புப் படையிடம் செயற்கைக்கோள் போன் இருக்கிறது, பெரிய வேலைகளை அவைதான் செய்கின்றன. ஆனால் "அம்மா நலம், கிளம்பி வராதே" என்ற செய்திக்கு அந்தக் கம்பிகளில் இடம் கிடையாது; இருக்கவும் கூடாது. எங்கள் வேலை அந்த மிச்சத்தில் இருக்கிறது.

இரண்டு நாளில் என் குறிப்பேட்டில் பதினொரு செய்திகள். ஒன்பது போனவை, இரண்டு வந்தவை. ஒன்று, சேரன்மகாதேவியில் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டிய ஒருவரைப் பற்றியது. அதைக் காகிதத்தில் எழுதி நானே ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டியவரிடம் கொடுத்தேன். மற்ற எல்லாம் நலம் விசாரிப்பு. யாரையும் நான் வெள்ளத்திலிருந்து தூக்கவில்லை. மாடியில் அதிகம் நடந்தது செல்போன் சார்ஜ் போடும் வேலைதான். டவர் இல்லாத போனுக்கு எதற்கு சார்ஜ் என்று கேட்டேன். "வந்தால்?" என்றாள் பக்கத்து வீட்டு மதினி. நூற்றைம்பது ஆம்பியர்-மணி பேட்டரி. பெட்டியின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் ஆச்சியின் மாப்பிள்ளை டிராக்டரிலும் பிறகு நடந்தும் பிறகு யாருடைய பைக்கிலோ ஏறியும் வந்து சேர்ந்தார். இடுப்புவரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. சேர்மன் கோயில் பக்கம் வீடு. கீழ்த்தளம் முழுக்கப் போய், அக்கம்பக்கத்தில் உள்ள பதினான்கு பேரும் ஒரே மொட்டை மாடியில் இரண்டு இரவு இருந்திருக்கிறார்கள். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆச்சி அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தபிறகுதான் அழுதார். நான் மாடிக்குப் போய் அதை ஏழு சொல்லாக்கி அனுப்பினேன். மின்சாரம் சில தெருக்களுக்கு வந்துவிட்டிருந்தது. வண்டுகள் திரும்பியிருந்தன. பெங்களூர்க்காரர் மூன்று முறை திருப்பிக் கேட்டார்.

அந்த மொட்டை மாடியில் இருந்த பதினான்கு பேரில் ஒருவன் ஆச்சியின் பேரன். அப்போது பதின்மூன்று வயது. உரிமத் தேர்வு எழுதப் பன்னிரண்டு நிரம்பினால் போதும். விடுமுறைக்கு வந்தவன் என் கடையில் உட்கார்ந்து பேட்டரிக்கு நீர் ஊற்றிக்கொண்டே மின்தடையும் மின்தேக்கியும் படித்தான். இன்னும் தேர்வு எழுதவில்லை, அதனால் பேசக் கூடாது, கேட்பதற்குத் தடையில்லை. கேட்க மட்டும் முடிகிற என் பழைய பெட்டி ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர்கள் மாடியிலும் ஒரு கம்பி கட்டியாகிவிட்டது, கொடி உயரத்தில்.

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு நாங்கள் நாலைந்து பேர் அலைவரிசையில் கூடுகிறோம். அதில் ஒரு பயிற்சிச் செய்தி படிப்பேன். அவன் எழுதிக்கொண்டு, முடிந்ததும் போனில் அழைத்துத் திருப்பிப் படிப்பான். சென்ற ஞாயிறு நான் படித்தது ஒன்பது சொல்: "கொங்கராயக்குறிச்சி பள்ளியில் நாற்பது பேர். பால்பவுடர் தேவை. படகு தேவையில்லை. வடகரை." அன்று எங்கள் தெருவில் எந்த வீட்டு விளக்கோ கத்திக்கொண்டிருந்தது.

போன் வந்தது. "ஒன்பது சொல் மாமா. ஒன்று முழுசாக விழவில்லை."

எழுதியதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கோடு போட்ட நோட்டுத்தாள். எட்டுச் சொற்கள் சரியாக இருந்தன. முதல் சொல்லின் இடத்தில், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேரான ஒரு கோடு. அதன் முடிவில் ‘குறிச்சி’ என்று மட்டும் எழுதியிருந்தான்.